எண்ணெய் ரியூப் என்ர பையில

இஞ்சேருங்கோ,

சோறும் சூடைமீன் குழம்பும் குசினியில மூடி வச்சிருக்கிறன். வள்ள எஞ்சினுக்கு எண்ணெய் போற ரியூப்பைத் தேடாதேங்கோ. அது என்ர பையில முல்லைத்தீவு பஸ் ஏறுது.

வேகம் கூட வேணுமெண்டு பழைய எஞ்சினுக்கு, லேத்தில சீவி மெலிசாக்கின மேல்மூடி, அந்தச் சீவின ஹெட் பூட்டினியள். நேற்று ஓட்டிப் பாக்கேக்க, தகரப்பேணிக்குள்ள கல்லுக் குலுக்கின மாதிரிக் கரைக்குக் கேட்டுது. "பொம்பிளைக்கு எஞ்சின் கதை என்னத்துக்கு?" எண்டியள். கல்லுடைக்கிற மெசினடியில ஆறு வருசம் வேலை செய்தனான். உடையப்போற சத்தம் எனக்குத் தெரியும்.

லேத்துக்காரருக்குப் போன் எடுத்தனான். "சீவின ஹெட்டுக்குப் பெட்ரோல்தான். மண்ணெண்ணெய் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும் எண்டு அவருக்குத் தெளிவாச் சொன்னனான், தங்கச்சி" எண்டார். நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. எங்கட காசுக்குக் கட்டுப்படியாகிறது மண்ணெண்ணெய்தானே, நேற்றும் அதைத்தான் ஊத்தினியள்.

பழைய ஹெட்டைத் துடைச்சு மேசையில வச்சிருக்கிறன். அதைப் பூட்டுங்கோ, ரியூப்பைத் தாறன்.

உங்கட தம்பி வந்தால் இதைக் காட்டுங்கோ. அவரும் அந்த வள்ளத்திலதான் வாறவர்.

பி.கு: பயந்தாங்கொள்ளி எண்டு பேசினியள். ஓம், பயம்தான். நடுக்கடலில எஞ்சின் நிண்டால் துடுப்புப் போட உங்களுக்கு ஒரு வேலையாவது இருக்கும். கரையில நிக்கிற எனக்கு என்ன இருக்கு?