பதின்மூன்று ஃபைலும் ஒரு எஃப் 9-உம்

நவ. 4, செவ்வாய்

விடியும் முன்னே மழை. தக்கலை பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன்.

பத்தரைக்கு அனிஷா வந்தாள், பி.காம் இரண்டாம் ஆண்டு, தேங்காய்ப்பட்டணம். கூடவே அவள் அம்மா. வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. அந்தப் பட்டியலில் அவள் பெயர். கபடிப் போட்டிக்குப் போன நாட்களையெல்லாம் போன வெள்ளியே நான்தான் வருகையாகப் பதிந்தேன். பட்டியலில் இன்னும் 73.8.

கல்லூரித் துணை முதல்வர் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா முன்னாலேயே சொன்னார்: “அனிஷா, அஜிஷா, அபிஷா, ஆஷா... எல்லாம் ஒண்ணுபோல. நீங்க வரி மாத்தி அடிச்சிருப்பிய.”

ஜில்லா முழுக்க இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள், அதற்கு நானா பொறுப்பு? ஒன்பது வருடமாக இந்த ஆபீஸில் பதிவு எண் பார்த்துத்தான் அடிக்கிறேன். பெயரைப் பார்ப்பதே இல்லை. இதைச் சொல்லுமுன் மனுஷன் போய்விட்டார்.

வாங்க: குடை, தலைக்கு வெளிச்செண்ணெய், கேஸ் டியூப்.

நவ. 5, புதன்

வெயில். புழுக்கம்.

அனிஷாவின் வரியை நான்கு முறை பார்த்தேன். அடித்தது அத்தனையும் சரி, சதவீதம் மட்டும் பழையது. சோதனைக்காக ஒரு வருகையை அழித்து மீண்டும் போட்டேன். சதவீதம் அசையவில்லை. திரையின் கீழே இடது மூலையில் ‘கால்குலேட்’ என்று பொடி எழுத்தில் ஒரு சொல், கணக்கு இன்னும் போடவில்லை என்று அர்த்தம். எத்தனை நாளாக இருக்கிறதோ!

விஷயம் பிடிபட்டது. பன்னிரண்டு துறைக்குப் பன்னிரண்டு எக்செல் ஃபைல், எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டியல் எடுக்கும் ‘மொத்தம்’ ஒன்று. எல்லாம் திறந்திருந்தால் போன மாதம் ஒரு கட்டத்தில் அடித்துவிட்டு நாற்பது விநாடி காத்திருக்க வேண்டும். துணை முதல்வர் வந்து “வேகப்படுத்தினார்”. பி.காம் ஃபைலில் கணக்கிடுவதை மேனுவலுக்கு மாற்றினார், நாம் சொன்னால்தான் கணக்கிடும். சேமிக்கும்போது கணக்கிடும் டிக்கையும் எடுத்தார். வேகத்துக்கு என்ன குறைச்சல், வேலையே செய்யாவிட்டால்? ஸ்டாஃப் மீட்டிங்கில் கைதட்டல் வேறு.

முதலில் எந்த ஃபைலைத் திறக்கிறோமோ அதன் குணம்தான் பிறகு திறக்கும் எல்லாவற்றுக்கும். நான் தினமும் முதலில் திறப்பது பி.காம். அவ்வளவுதான், பதின்மூன்றும் தூக்கம்.

துணை முதல்வரிடம் போய்ச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை எடுக்காமல் பதில்: “அந்தப் பிள்ளைக்க வரிய மட்டும் திருத்துங்க. மத்ததக் கிளறாண்டாம்.”

அட்டெண்டர் வசந்தா அக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் மகள் இங்கேதான் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். “விடாத மக்கா. உனக்க பேருல்லா கெட்டுப்போச்சு” என்றாள். முதல்வருக்குச் சாயா கொண்டுபோனவள் அப்படியே எல்லாவற்றையும் சொல்லியும் விட்டாள். முதல்வர் கூப்பிட்டு, வெள்ளி மூன்று மணிக்கு எல்லா ஃபைலையும் தன் முன்னால் கணக்கிடச் சொன்னார். அக்கா வாழ்க.

நவ. 6, வியாழன்

நாள் முழுக்க அதே வேலை. மதியச் சோறு மூன்றரைக்கு.

ஒவ்வொரு வரியிலும் ‘இன்றைய தேதி’ ஃபார்முலா. எங்கே ஒரு எழுத்து அடித்தாலும் திறந்திருக்கும் பதின்மூன்றிலும் அத்தனை வரியும் மறுபடி ஓடும். எல்லாம் எடுத்தாச்சு. தேதி இனி ஒரே கட்டத்தில், காலையில் ஒரு தடவை கையால்.

அறுபது பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் வரியைத் துழாவும் ஃபார்முலா. எழுபது வரியோடு நிறுத்தினேன்.

பன்னிரண்டு துறை ஃபைலும் ஆட்டோமேட்டிக், ஒவ்வொன்றாகச் சேமித்தாயிற்று. ‘மொத்தம்’ மட்டும், நாளை முதல்வர் முன்னால் கணக்கிட, பழைய பட்டியலோடு மேனுவலிலேயே.

சோதனைப் பிரதியில் இரண்டு விநாடி! இதைச் செய்ய ஒரு பகல் போதும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போன மாதமே செய்திருப்பேன். கேட்க மாட்டார்கள். நான் டைப் அடிக்கிறவள்.

கேஸ் டியூப் மறந்தேன்.

நவ. 7, வெள்ளி

தூறல். குடை புதிது.

மூன்று மணி. முதல்வர், துணை முதல்வர், வசந்தா அக்கா, நான். ‘மொத்தம்’ முதலில், பிறகு மற்ற பன்னிரண்டும் திறந்து, பழைய பட்டியலின் பிரிண்டை ஓரத்தில் வைத்துக்கொண்டு, கணக்கிட வைக்கும் எஃப் 9 அமுக்கினேன். நான்கு பெயர் பட்டியலிலிருந்து போனது. அனிஷா 76.1. துணை முதல்வர் கூரையைப் பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

இரண்டு பெயர் புதிதாக ஏறியது. ஒன்று ஆங்கிலம், அஜிஷா, 73.9. வசந்தா அக்காவின் மகள். பதிவு எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். அவளே. அக்டோபர் கடைசியில் வராத ஒன்பது நாள் இன்றுதான் கழிந்திருக்கிறது.

அக்காவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆனபோது திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டராக அவள்தான் கூட இருந்தாள். வீட்டில் வேறு ஆளில்லை.

“கிளறாண்டாம்னு அப்பமே சொன்னேன்” என்றார் துணை முதல்வர். அடுத்த மூச்சில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு சர்டிஃபிகேட் வாங்கிவிடச் சொன்னார்.

“எனக்க பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லியே” என்றாள் அக்கா.

வருகைச் சலுகை மனுவை நானே எடுத்து நிரப்பினேன். காரணத்துக்கு மூன்றே கட்டம்: மாணவியின் உடல்நலக் குறைவு, விளையாட்டு, என்.சி.சி. பந்து விளையாடப் போனால் காரணம். தாய்க்குச் சிறுநீர்ப் பை மாற்றப் போனால் காரணமே இல்லை. எந்தப் புண்ணியவான் அடித்த ஃபாரம் இது?

மூன்றிலும் டிக் போடவில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: அம்மாவுக்குப் பைஸ்டாண்டர், ஒன்பது நாள்.

நான்கு மணிக்கு முதல்வர் மேஜையில் வைத்தேன். திங்கள் ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள். ஐந்தரைக்கு ஆபீஸ் பூட்டும்போது பார்த்தேன், கையெழுத்தில்லை.