கூழாங்கல்லுக்குக் கீழே கிடந்த மண்

நறுக்கிப் போட்ட வாழைத்தண்டு மூன்றாம் நாள் தண்ணீரில் அழுகத் தொடங்கும்போது ஒரு வாடை வரும். புளித்த மாவோடு சாக்கடை கலந்தது போல. இன்று காலை வேப்பமரத்தடித் தொட்டியிலிருந்து அது வந்ததும் நீயும் வந்துவிட்டாய், மூக்கைப் பொத்திக்கொண்டு. "இன்னா வாத்யாரே, மீனுக்குத் தண்டுப் பொரியலா?"

ஆறு வருடமாகக் காய்ந்து கிடந்த தொட்டியைத்தான் மறுபடி தயார் செய்கிறேன். என் மகள் தாரணிக்குக் காலேஜ் விடுமுறை. அவளுக்காக என்று சொன்னால் பாதி உண்மை. என் பேரைக் கழுவிக்கொள்ளத்தான் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

ஆறு வருடத்துக்கு முந்திய அந்தக் கோடையில் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தொட்டிக்காக அந்தக் கிணற்று உறையைக் கொண்டுவந்தவர்கள் நாம் இருவரும்தான். மூன்றடி அகல சிமெண்ட் வளையம். மேலே வைத்தால் ஏப்ரல் வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும், பாதியை மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்றேன். கடப்பாரை பாறையில் இடித்து இடித்துத் திரும்பியது. நான் உட்கார்ந்துவிட்டேன். "எங்க தாத்தா நந்திதுர்க்கு தங்கச் சுரங்க ஷாப்ட்ல மைல் கணக்குல எறங்கனாரு. உனக்கு ரெண்டடிக்கே மூச்சு வாங்குது. எந்திர்றா" என்றாய். கடைசியில் குழியை வெட்டி முடித்தவன் நீதான். அதை மறுக்கவில்லை.

புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும். ஏழு நாள் வாழைத்தண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, பிறகுதான் மீன் விடவேண்டும். இதை உனக்கும் ஏழாம் வகுப்பு படித்த தாரணிக்கும் பாடமே எடுத்தேன். வேதியியல் வாத்தியார் அல்லவா. ஆனால் அவள் நச்சரிப்பு தாங்காமல் நான்காம் நாளே தொட்டியைக் கழுவி, கூழாங்கல் பரப்பி, இரண்டு நாள் வைத்திருந்த குழாய்த் தண்ணீரை ஊற்றி மீனை விட்டுவிட்டேன். இருபது கப்பி, நான்கு ஆரஞ்சு மோலி. மோலிகளுக்கு அவள் பேர் வைத்தாள். மறுநாள் விடைத்தாள் திருத்த கோலாருக்குப் போகவேண்டியிருந்தது. இரண்டு நாளைக்குப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருக்கும்போது வேறு யாரிடம் சொல்வேன்?

திரும்பி வந்தபோது எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. தாரணி அழுது முடித்து, வீங்கிய முகத்தோடு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கூழாங்கல் இடுக்கில் வெளேரென்று ஏதோ தெரிந்தது. என்னடா அது என்று உன்னைக் கேட்டேன்.

"சுண்ணாம்புடா. உன் சிமெண்ட் கக்கினது. நீதான ஏழு நாளுன்ன? நாலு நாளுல வுட்டுட்ட."

தாரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீதாம்பா கொன்ன" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் சொன்ன எதையும் அவள் ஒரு தரம் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டதில்லை. சந்தேகம் வந்தால் சுவரைத் தட்டி உன்னைக் கேட்பாள். "மாமா, அப்பா சொல்றது கரெக்டா?"

நீ அதோடு விட்டாயா? பெங்களூரு ரயிலில் தினமும் போகிற உன் கூட்டத்துக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாய். கடைத்தெருவில் முகம் தெரியாத ஒருவன், "நீங்கதான சார் மீனுக்குப் பரீட்சை வச்சு பெயில் பண்ணவரு?" என்று கேட்டான். நான் சிரித்தேன். தப்பு என்னுடையது என்று நம்பியவன் வேறு என்ன செய்வான்? போன மழைக்காலத்தில் நீ ஆஸ்பத்திரியில் கண்கள் மஞ்சளாகிக் கிடந்தபோதும் நர்ஸம்மாவிடம் அதையே சொன்னாய். "இவரு கையால தண்ணி குடிக்காதம்மா, ஜாக்கிரதை." அதற்கும் சிரித்தேன். நான்காம் நாள் உன்னைத் தூக்கிப் போனோம். முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான்.

போன வாரம் உறையின் விரிசலுக்குப் புதுப்பூச்சு பூச வேண்டி, பழைய கூழாங்கல்லை அள்ளி வெளியே போட்டேன். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மண். மாவு போல வழுவழுப்பான வெளிர்மண். விரலில் தேய்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சயனைடு மேட்டு மண். சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் சுரங்கக்காரர்கள் மலைமலையாகக் கொட்டிவிட்டுப் போனது. தகரத்தில் உட்கார்ந்து நீயும் நானும் சறுக்கி விளையாடியது.

அப்போதுதான் உன் ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. நான் கோலாரிலிருந்து வந்த அன்று கால் வைக்கும் பலகை முழுக்க வெள்ளைத் தூசு. கேட்டதற்கு, மாவு மில்லுக்குப் போனேன் என்றாய்.

அழகாக இருக்கும் என்று போட்டிருப்பாய். எனக்குத் தெரியும். வெறும் கூழாங்கல் மொட்டையாக இருக்கிறது என்று முதல் நாளே சொன்னவன் நீ. அந்த மண்ணை விஷமென்று நம்மில் யார் நினைத்தோம்? பாத்திரம் தேய்த்த மண், வாயில் போன மண். அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ கேட்டிருந்தால் நானே தலையாட்டியிருப்பேனோ என்னவோ. ஆனால் மீன் செத்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சுண்ணாம்பு என்றாய். என் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். பிறகு ஐந்து வருடம் அவள் வைத்த சுண்டலையும் பாயசத்தையும் வாங்கிச் சாப்பிட்டாய்.

அந்த மண்ணில் ஒரு பிடியைக் காபித்தூள் பாட்டிலில் போட்டு வைத்தேன்.

தாரணி இன்று மத்தியானம் வந்தாள். பையை வைத்ததும் தொட்டிக்குப் போய் எட்டிப் பார்த்து, "இந்த தடவையாவது ஏழு நாளு வைப்பா" என்றாள். பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடியில் கிடந்த மண், ஸ்கூட்டர், மாவு மில். அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஜன்னல்லகூட தான்பா கீது. காத்தடிச்சா ஊரு பூரா வந்து வுழுது. ஆறு வருஷமா தொறந்தே கெடந்த தொட்டி."

"காற்றில் வந்தது கல்லுக்கு மேலேதானே இருக்கும்?"

"மழை பெய்யலியா? தண்ணி எறக்கிட்டிருக்கும்." பாட்டிலை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். குரல் தணிந்திருந்தது. "மாமா போய்ட்டாருப்பா. செத்தவங்க மேல போடாத."

பிறகு முழங்கை வரை கையைவிட்டு, அழுகிய தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். முகத்தைச் சுளித்தவள் திடீரென்று சிரித்தாள். "மாமா இருந்தா இதுக்கு இன்னா சொல்லியிருப்பாரு?" என்று கேட்டாள்.

காலையில் என் காதில் விழுந்த உன் தண்டுப் பொரியல் கேள்வியை அவளுக்குச் சொன்னேன். உன் குரலிலேயே. அவள் சிரிப்பு அடங்கி, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். நான் புதுத்தண்டை நறுக்கப் போனேன்.

இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஏழையும் முழுதாக வைப்பேன். மீன் பிழைக்கும், எனக்குத் தெரியும். பிழைத்தால் என்ன சொல்வாள் என்பதும் தெரியும்: அப்பா இந்த முறை ஒழுங்காகச் செய்தார் என்பாள். நடந்ததை அறிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் பேச்சு எடுபடாது. மற்றவனை இந்தத் தோளில்தான் சுமந்துபோய் இறக்கினேன்.

பாட்டிலைத் தூக்கி எறியவில்லை. மீன் தீனி டப்பாவுக்குப் பக்கத்தில், மூடியை இறுக்கி, வைத்திருக்கிறேன்.