மெயில் வந்துச்சா மாப்ள?

2008 ஜூலை 6, ஞாயிறு

மதியம் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. யூ.பி.எஸ். பாதியிலேயே கையை விரித்துவிட்டது. சர்வரை மறுபடி ஓடவிட்டு, நண்பர்கள் இரண்டு பேருக்கும் சோதனை மெயில் போட்டேன். பிறகு வழக்கம்போல சிக்கந்தருக்கு போன்.

"மெயில் வந்துச்சா மாப்ள?"

"வந்துருச்சு மாப்ள. நீ இருக்கயில எங்களுக்கென்ன கவலை!"

சென்னையில் இருக்கும் சாய்பிரசாத்தும் வந்துவிட்டது என்றான்.

காலேஜ் முடித்த கையோடு, சொந்தமாக மெயில் முகவரி வேண்டுமென்று மூன்று பேரும் சேர்ந்து பதிவு செய்த டொமைன். "சாகுற வரைக்கும் இதான்டா நம்ம அட்ரஸ்" என்றவன் சிக்கந்தர். அந்த மெயில் சர்வர் ஓடுவது என் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில்.

ஜூலை 9

கோயம்புத்தூர் கிளையை நீ பார்த்துக்கொள்கிறாயா என்று மேனேஜர் கேட்டார். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். மனைவி ஹம்சவேணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அங்கேயே சரின்னுட்டு வர வேண்டியதுதானே?"

அங்கே புது இன்டர்நெட் லைன் எப்போது கிடைக்குமோ. அதுவரை சிக்கந்தர், சாய்பிரசாத் மெயிலெல்லாம் நின்றுபோகுமே! இதைச் சொன்னதும் முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 14

முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன்.

ஜூலை 19

கோரிப்பாளையம் சிக்னலில் நின்றேன். சிக்கந்தரின் பேக், சூட்கேஸ் கடைக்குப் புது போர்டு. போன் நம்பருக்குக் கீழே ஒரு ஜிமெயில் முகவரி. நம்ம கடைதானா என்று மறுபடி பார்த்தேன். பின்னால் ஒரே ஹாரன்.

உள்ளே போய்க் கேட்டேன். "அது கடைக்கு மட்டும் மாப்ள. எனக்கு என்னைக்கும் நம்ம மெயில்தான்" என்றான். டீ சொன்னான். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அடுத்தவர் மெயிலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்றும் படிக்கவில்லை. கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று மட்டும் பார்த்தேன்.

சிக்கந்தர் திறந்தது போன ரம்ஜானுக்கு. சாய்பிரசாத் அதற்கும் முன்னால். நான் போட்ட சோதனை மெயில் அத்தனையும் திறக்காமல் அப்படியே கிடக்கிறது.

அப்ப "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு சொன்னதெல்லாம்? எம்புட்டு தடவடா! ஜிமெயிலுக்குப் போகணும்னா போங்க, யாரு புடிச்சு வச்சா? ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அழகர் ஆத்துல இறங்குன அன்னைக்குக்கூட இந்த மெஷினுக்குக் காவல் உக்காந்திருந்தேனேடா. ஊரே ஆத்துல நின்னுச்சு.



ஜூலை 21

சர்வரை அணைத்து வயரைப் பிடுங்கிவிட்டேன். யாராவது கேட்கட்டும்.

ஜூலை 24

ஒருத்தனும் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மனசு கேட்காமல் நானே சிக்கந்தருக்கு போன் போட்டேன். ஒரு நப்பாசைதான். 'இல்லடா, நான் மாறி ரொம்ப நாளாச்சு' என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றிருந்தேன்.

"மெயில் ஒழுங்கா வருதா மாப்ள?"

"இப்பத்தான் பாத்தேன். ஜம்முன்னு வருது மாப்ள!"

எதிரே மெஷின் செத்துக் கிடந்தது. "சரி மாப்ள" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 28

கோயம்புத்தூர் போகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஹம்சவேணி இப்போதே பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றுகிறாள்.

சிக்கந்தரிடம் சொல்லவில்லை. அவன் போன் பண்ணினால் மதுரையில்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.