இரண்டாம் ஆளுக்குப் பாதி விலை

உன் சிவப்பு ஜாக்கெட்டில் பனிச்சறுக்குப் பலகைக்குத் தேய்க்கிற மெழுகின் வாசனை இன்னும் இருக்கிறது. குளிர்காலச் சாமான்களை எடுத்து உள்ளே வைக்கலாமென்று இன்று மதியம் அலமாரியைத் திறந்தேன். ஜாக்கெட் பைக்குள் கை விட்டால் இரண்டு கிராம்பு, கசங்கிய ஒரு கைக்குட்டை, அப்புறம் இந்த சீசனுக்கான உன் பனிச்சறுக்கு பாஸ். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கயிறுகூட முடிச்சுப் போடாமல் அப்படியே இருந்தது. பாஸில் இருக்கும் படத்தில் நீ யாருக்கோ பதில் சொல்ல வாயெடுத்த மாதிரி இருக்கிறாய். அழுகை வரும் என்று கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்க் காபி போட்டேன்.

நீ போனதிலிருந்து எனக்கு இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி. மயக்க மருந்து டாக்டர் நீ, உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு பேசும் இந்த ஊரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாம் ஒரே ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது, வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும் என்பதைத் தவிர நமக்குள் வேறு சம்பந்தம் இல்லை. நீ பாளையங்கோட்டை, நான் மாயவரம். உனக்கு ஆஸ்பத்திரி, எனக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். நான் உன் தோளுக்குத்தான் வருவேன். உன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, தன் பிள்ளைகளோடு உன்னையும் வடக்கே மலைக்குப் பனியில் சறுக்க அழைத்துப்போனாள். அடுத்த வாரமே நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

அந்த முதல் குளிர்காலம் முழுவதும் நாள் டிக்கெட்தான். காலையில் டிக்கெட் ஜன்னலில் காசைக் கொடுத்தவுடன் எனக்கு ஒரு வெறி வந்துவிடும். கொடுத்ததற்கு ஈடு கட்ட வேண்டுமே! லிஃப்ட் ஓடத் தொடங்குமுன் வரிசையில் நிற்பேன், அதை நிறுத்துகிறவரை விடமாட்டேன். லிஃப்ட் என்றால் நாற்காலி இல்லை, கம்பியில் தொங்கும் தலைகீழ் டி வடிவக் கட்டை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டால் அது மேலே இழுத்துப் போகும். நம் உயரத்துக்கு அது உனக்குத் தொடையில் இடிக்கும், எனக்கு முதுகில் இடிக்கும். ஏறி முடிக்கும்வரை இரண்டு பேரும் திட்டிக்கொண்டே போவோம். கீழே வந்தால் மறுபடி ஏற்றம். புளியோதரையைக்கூட உன்னை வரிசையில் நின்றபடியே விழுங்கவைத்தேன். வீட்டுக்கு வந்தால் பேச வாய் இருக்காது.

அடுத்த இலையுதிர் காலத்தில், குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து சீசன் பாஸ் வாங்கலாம் என்றாய். ஜன்னலில் இருந்த அம்மாள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பாளே, அவள் நம் அடையாள அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். இந்த ஊரில் அப்பா பெயர்தான் நமக்குக் குடும்பப் பெயர். இரண்டு அட்டையிலும் சுப்பிரமணியன், இரண்டிலும் ஒரே விலாசம்.

"அக்கா தங்கையா? அப்படியென்றால் குடும்பக் கட்டணம். முதல் ஆளுக்கு முழு விலை, இரண்டாம் ஆளுக்குப் பாதி" என்றாள்.

நான் விளக்க வாயைத் திறந்தேன். நீ உன் கனத்த பூட்ஸால் என் காலை மிதித்து, "வீ, மேடம்" என்று ஆமாம் போட்டாய். நம் இரண்டு பேருக்கும் துளி ஜாடை கிடையாது. அது அவளுக்குத் தெரியவில்லை. நமக்கும் அவர்கள் எல்லோரும் ஒரே ஜாடையாகத்தானே தெரிந்தார்கள்.

காரில் வரும்போது, "அது பொய் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, நாமளா சொன்னோம்? அவளாத்தான சொன்னா. ஒங்கப்பா பேரும் எங்கப்பா பேரும் ஒண்ணுன்னா, பெறவு நீ எனக்கு யாராம்? இனிமே அக்கான்னு கூப்பிடு. பாதி வெல சும்மா கெடைக்குமா?"

நம் அப்பாக்கள் ஒருவரையொருவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நீ என்னைவிடச் சில மாதங்கள்தான் பெரியவள். நான் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வருஷமும் கேட்டாய், ஒவ்வொரு வருஷமும் மாட்டேன் என்றேன். அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

பாஸ் வாங்கிய அன்று ராத்திரியே, எத்தனை முறை போனால் போட்ட பணம் ஈடாகும் என்று நான் கணக்குப் போட்டேன். நீ என் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாய். "கணக்குப் பாக்காம இருக்கத்தானட்டி துட்டு குடுத்திருக்கு" என்றாய். அது உண்மைதான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. பாஸ் கையில் இருந்ததால் இரண்டு தடவை சறுக்கிவிட்டு, அடிவாரக் கூடத்தில் கணப்படுப்புப் பக்கம் போய் உட்கார முடிந்தது. குளிர் அதிகமென்றால் சறுக்காமலேயே உட்கார்ந்திருந்தோம். உன் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோன கதையை அங்கேதான் சொன்னாய். நாள் டிக்கெட் வாங்கியிருந்தால் அதைக் கேட்க எனக்கு நேரம் இருந்திருக்காது.

பிறகு விலை ஏற ஆரம்பித்தது. செயற்கைப் பனி தூவும் இயந்திரம் வந்தது, விலை ஏறியது. இன்னொரு சரிவை வெட்டித் திறந்தார்கள், மறுபடி ஏறியது. நம்மை முதலில் அழைத்துப்போன அந்த நர்ஸ், எல்லாப் பிள்ளைகளுக்கும் பாஸ் வாங்கக் கட்டுப்படியாகாது என்று வருவதை நிறுத்திவிட்டாள். பாஸ் வாங்கியவர்களோ விட்டேனா பார் என்று சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். நான் நாள் டிக்கெட்டில் அலைந்த மாதிரியே அவர்கள் எல்லோரும் அலைந்தார்கள். கணப்படுப்புப் பெஞ்சு காலியாகக் கிடந்தது, நமக்கு வசதியாகப் போயிற்று. ஏப்ரலிலேயே அடுத்த குளிர்காலத்துக்கு வாங்கினால் பழைய விலை என்றும் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். ஆனால் என்ன ஆனாலும் பணம் திரும்பக் கிடைக்காது.

போன ஏப்ரலில் உன் வயிற்றில் இருந்த கட்டி எப்படிப்பட்டது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியும் மலைக்கு ஓட்டு என்றாய். வழியெல்லாம் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. ஜன்னலில் போய் முதல் ஆளுக்கான முழு விலையை நீ எண்ணி வைத்தாய். என் பங்கை என்னை வைக்கச் சொன்னாய். வைத்தேன். காருக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கத்தினேன்.

"உனக்கென்ன பைத்தியமா? திருப்பித் தரமாட்டாங்கன்னு எழுதியே போட்டிருக்கான். தெரிஞ்சிருந்தும் எதுக்கு..."

நீ கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னாய்.

"மொத ஆளு வாங்கலன்னா ஒனக்குப் பாதி வெல கெடையாது. முழு வெலன்னா நீ வாங்கமாட்ட. வாங்கலன்னா வீட்டுக்குள்ளயே கெடப்ப. இப்ப துட்டு குடுத்தாச்சுல்லா, இனி போகாம இருக்க ஒன்னால முடியாதுட்டி. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

நான் வண்டியைக் கிளப்பினேன். நீ வழியில் தூங்கிவிட்டாய்.

செப்டம்பரில் நீ போனாய். உன் தம்பி சென்னையிலிருந்து வந்தான். நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். "நீங்க அக்காவோட ஃப்ரெண்டா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? செய்ய வேண்டியதை எல்லாம் அவன் செய்தான். அஸ்தியை எடுத்துக்கொண்டு போனான். வந்தவர்களுக்கு நான் காபி கொடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் கேட்டவர்களிடம், கூடக் குடியிருந்தவர் இறந்துவிட்டார் என்றேன். கூடக் குடியிருந்தவருக்காக யாரும் யாருக்கும் லீவு கொடுப்பதில்லை. நானும் கேட்கவில்லை.

பனி விழுந்ததும் மலைக்குப் போனேன். நீ சொன்ன மாதிரியே, கொடுத்த காசு இழுத்துக்கொண்டு போயிற்று. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். துக்கமாக இருந்தது என்றாலும் பொய்தான். போனேன், சறுக்கினேன், வந்தேன். தனியாளாக ஏறினால் அந்தக் கட்டை ஒரு பக்கம் சாய்ந்து ஆளைத் தள்ளிவிடும். அதனால் லிஃப்ட்காரன் என்னைத் தனியாக வந்த இன்னொரு பெண்ணோடு சேர்த்து அனுப்பினான். அவள் என் உயரம். அத்தனை வருஷத்தில் முதன்முறையாகக் கட்டை சரியான இடத்தில் உட்கார்ந்தது. முதுகு வலிக்கவே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. மேலே போனதும் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் விலகிப் போனேன்.

போன சனிக்கிழமை கடைசியாகப் போனேன். திரும்பும்போது ஜன்னலில் அதே கண்ணாடிச் சங்கிலி அம்மாள் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"பொன்ஜூர்! பழைய விலை இந்த மாதம்தான். வழக்கம்போல இரண்டுதானே? அக்கா எங்கே, ஆளையே காணோமே?"

என் அக்கா செப்டம்பரில் இறந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அதை அப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையுறைமேல் வைத்தாள். பின்னால் வரிசை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஊசியின் மரப்பு விலகும்போது கன்னத்தில் ஏதோ ஒரு ஓரத்தில் முதலில் குத்துமே, அப்படி ஒரு கணம் குத்தியது. பிறகு அதுவும் போய்விட்டது.

எனக்குப் பாதி விலையே போட்டுத் தருவதாகவும், அதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நல்ல மனுஷி. வேண்டாம் என்றேன். முதல் ஆள் என்று எழுதச் சொன்னேன்.

சறுக்குப் பலகைகளைத் துடைத்துச் சாத்தி வைத்துவிட்டேன். உன் ஜாக்கெட்டை மட்டும் உள்ளே வைக்கவில்லை, அது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. உன் பாஸின் கயிற்றில் முடிச்சுப் போட்டு என்னுடைய புதுப் பாஸோடு சேர்த்து வைத்திருக்கிறேன். முழு விலை கொடுத்துத்தான் வாங்கினேன், அக்கா. எத்தனை முறை போனால் ஈடாகும் என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.