மூன்று எண்களில் முதல் எண்

குவைத்தில் நம் ஃபஹாஹீல் அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். என் மேசையின் கடைசி இழுப்பறையை முழுக்க உருவியபோது, அதன் பின்னால் சிக்கி மடிந்து கிடந்த ஒரு பிரிண்டர் தாள் கையில் வந்தது. இரண்டு ஓரமும் துளை போட்ட, பச்சைப் பட்டை ஓடும் அந்தப் பழைய தாள். மை மங்கிவிட்டது, உன் பென்சில் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கிறது. சோதனைக்காகப் பணியாளர் கோப்பிலிருந்து நீ எடுத்த ஒரே ஓர் ஆளின் விவரம் அது. வேறு யாருடையதும் இல்லை, உன்னுடையதுதான். 'அவசரத்துக்கு அழைக்க' என்ற இடத்தில் மூன்று தொலைபேசி எண்கள். முதல் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "மாப்பிள்ளை இதை மட்டும்தான் பார்க்கிறார்" என்று எழுதியிருக்கிறாய்.

தாளைப் பெட்டியில் வைக்கவும் மனம் வரவில்லை, கிழித்துப் போடவும் கை வரவில்லை. ஆறு வருடமாக உன்னிடம் சொல்ல வேண்டியதை இன்றைக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணெய் வயல்களுக்கு ஆள் அனுப்பும் நம் கம்பெனியின் கணினி எவ்வளவு பழையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஆனால் அதன் உள்ளே இருந்த டேட்டாபேஸ் தனி ரகம். மற்றவற்றில் ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு. இதில் ஒரே கட்டத்துக்குள் பத்து மதிப்பை வேண்டுமானாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் திணித்து வைக்கலாம். புதிதாக வந்தவர்களுக்கு இதை விளக்க நான் அரைமணி நேரம் வெள்ளைப் பலகையில் கிறுக்குவேன். நீ ஒரே வரியில் முடித்துவிடுவாய்.

"ஃபர்வானியாவில நான் மின்ன கெடந்த முறி மாதிரி மக்கா. கதவு நம்பரு ஒண்ணு. உள்ள கெடக்கியது பத்து பேரு."

முறி என்றால் அறை என்பதில் தொடங்கி, உன் குமரிக் கடற்கரைத் தமிழ் எனக்குப் பழக மூன்று மாதம் ஆனது. கோயமுத்தூர்க்காரனான என் 'ஏனுங்க'வைக் கேட்டு நீ சிரித்தது அதற்கும் மேலே.

மேலாளர் ஒரு ஜோர்டான்காரர். அவருக்குப் பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்க வேண்டும், ஆனால் வண்ணத் திரையில் தெரிய வேண்டும். இரண்டையும் இணைக்க ஒரு மென்பொருள் தேவை. சோதித்துப் பார்க்க மூன்று வந்தன. மூன்றாவது, நிறுவும்போதே உயிரை விட்டது. மீதி இரண்டில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், மற்றதை உன்னிடம் தள்ளினேன். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, ஒப்பிட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரே வேலையை இரண்டு பேரும் அவரவர் கருவியில் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

பெயர் வைத்தது நீதான். என்னுடையது மாப்பிள்ளை. வந்து இறங்கிய அன்றே பளபளவென்று திரை போட்டது. மவுஸை நாலு தடவை சொடுக்கினால் அறிக்கை தயார். உன்னுடையது கழுதை. ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டும், பையத்தான் நடக்கும். ஆனால் ஓர் ஆளின் விவரத்தைக் கேட்டால் உள்ளே இருப்பதை முழுசாகச் சுமந்துவந்து முன்னால் இறக்கிவிடும். பிரித்து அடுக்குவது நம் பாடு. நான் கேலி செய்தபோதெல்லாம் நீ "மெல்லத் தின்னா பனையும் தின்னலாம்" என்று டீயை உறிஞ்சிக்கொண்டு சொல்வாய். நான் பனை தின்னும் ஜாதி இல்லை. பந்தயம் என்று வந்துவிட்டால் எனக்குக் கண் மண் தெரியாது.

இரண்டாவது வாரம், இந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய்.

"உனக்க மாப்பிள்ள கதவ தட்டியான். தொறக்கியவன் ஒருத்தன். அந்த முறியில அவன் மட்டும்தான் உண்டுன்னு எழுதிட்டு வாறான், கேட்டியா."

விஷயம் இதுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'ஒற்றை' அல்லது 'பல' என்று ஒரு குறி பழைய டேட்டாபேஸில் உண்டு. தொலைபேசிக் கட்டத்துக்கு என்றைக்கோ யாரோ 'ஒற்றை' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பழைய திரை அந்தக் குறியைச் சட்டை செய்யாமல் எல்லா எண்ணையும் காட்டியது. என் மாப்பிள்ளையோ குறியில் இருப்பதை அப்படியே நம்புகிறவர். முதல் எண்ணை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

முதல் எண் எது என்பதில்தான் வினை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊரில் யார் வீட்டில் போன் இருந்தது? எல்லாரும் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்லி, பக்கத்து வீட்டு பி.பி. நம்பரைக் கொடுத்தார்கள். பிறகு சொந்த போன் வந்தது, செல்போன் வந்தது. அவற்றையெல்லாம் பின்னால் பின்னால் சேர்த்தோமே தவிர, பழையதை அழிக்க நம் ஆட்கள் யாருக்கும் மனசு வரவில்லை. ஆபத்துக்கு உதவும் என்பார்கள். ஆக, நம் கோப்பில் முதலில் நிற்பது எப்போதும் இருப்பதிலேயே பழைய எண். உனக்கு முதல் எண் ஊரில் பக்கத்து வீடு. இரண்டாவது சவூதியில், யான்புவில் நர்ஸாக இருந்த உன் மனைவியுடைய செல்போன். மூன்றாவது அவள் ஆஸ்பத்திரி விடுதி.

நான் தாளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "சின்ன விஷயம்ப்பா. குறியை மாத்துனா முடிஞ்சுது." சின்ன விஷயம்தான். அதனால்தான் செய்யவில்லை.

அறிக்கையில் நீ நாலு வரிசை போட்டிருந்தாய். வேகம், தோற்றம், பழகும் எளிமை, முழுமை. முதல் மூன்றிலும் மாப்பிள்ளை ஜெயித்தார். நாலாவதில் உன் கழுதை. கூட்டத்துக்கு முந்தின நாள், பக்கம் நீளமாகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு நாலாவது வரிசையை அழித்தேன். உன்னிடம் கேட்கவில்லை.

கூட்டத்தில் மேலாளர் வண்ணத் திரையைப் பார்த்துக் கைதட்டாத குறை. "கலாஸ், முடிந்தது. யல்லா, இதையே வைத்துக்கொள்வோம்" என்றார். பிறகு உன் பக்கம் திரும்பி, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். நீ கையிலிருந்த தாளைப் பார்த்தாய். மூன்று வரிசை. என்னைப் பார்த்தாய். "ஓகே சார்" என்றாய்.

வெளியே வந்ததும் சண்டை போடுவாய் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம் நீ.

"பந்தலில வச்சு மாப்பிள்ளைக்க கொறய சொல்லப்பிடாது மக்கா. ஆனா தாலி கெட்டு முடிஞ்சப்பொறவு நேராக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம், அந்த போன் நம்பர மட்டும் இந்த வாரமே செரியாக்கிரு."

"பண்ணிர்றேன்" என்றேன். அந்த வாரம் செய்யவில்லை. அடுத்த வாரம் நீ கேட்டபோது எரிந்து விழுந்தேன். மூன்றாவது தடவை நீ கேட்டபோது கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாய். யான்பு கிளையிலும் இந்த மென்பொருளை நிறுவ என்னை அனுப்பினார்கள். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஏத்தங்காய் சிப்ஸை மனைவிக்குக் கொடுத்தனுப்ப வந்திருந்தாய்.

"அவகிட்ட குடுத்திரு. பொறவு, அந்த நம்பரு?"

"போயிட்டு வந்து பண்றேன், விடுப்பா."

யான்புவில் இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு நீ ஃபஹாஹீல் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் செல்போன் ரூமில் சார்ஜில் கிடந்தது. ஹைதராபாத்காரர் ரஹீம் பாய், ஆட்கள் பிரிவில் இருப்பவர், உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, என் புதுத் திரையைத் திறந்தார். உன் பெயரை அடித்தார். அழகான நீலக் கட்டத்தில் ஓர் எண் வந்தது. ஒன்றுதான் இருக்கிறது என்று அவர் நம்பியதில் என்ன தப்பு? அதைச் சுழற்றினார்.

பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, பி.பி. வழக்கப்படி உன் அம்மாவைக் கூட்டிவந்து ரிசீவரைக் கையில் கொடுத்திருக்கிறார். ரஹீம் பாய் பேசிய இந்தி இரண்டு பேருக்கும் புரியவில்லை. உன் பெயரும், ஏதோ கெட்டது என்பதும் மட்டும் அம்மாவுக்குப் புரிந்தது. அழுதிருக்கிறார். யான்புவுக்கு அங்கிருந்து கூப்பிட அவர்களிடம் எண்ணே கிடையாது. வெளிநாட்டுப் போன் எப்போதும் இங்கிருந்துதானே போகும்? ரஹீம் பாய் வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, யான்புவுக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்ற நிம்மதியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் அந்த நேரத்தில் செல்போனை அணைத்துவிட்டு, யான்பு கிளையில் பத்துப் பேர் முன்னால் மாப்பிள்ளையின் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். உன் மனைவி அங்கிருந்து பத்து நிமிட தூரத்தில் டூட்டியில் இருந்தாள்.

சாயங்காலம் போனைத் திறந்தபோது ரஹீம் பாய் பேசினார். அழுதுகொண்டே பேசினார். நீ பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டாய் என்றார். அதுவரை நல்ல நினைவோடுதான் இருந்தாயாம்.

"பார் பார் பூச் ரஹா தா பாய். 'யான்பு கோ போலா க்யா?' மைனே போலா, 'கர் பே போல் தியா, டென்ஷன் மத் லோ.'"

யான்புவுக்குச் சொல்லியாச்சா என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாய். வீட்டுக்குச் சொல்லியாச்சு, கவலைப்படாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். பொய் இல்லை, வீட்டுக்கு அவர் சொன்னது உண்மைதானே. அதன் பிறகு யார் செல்போன் அடித்தாலும் நீ தலையைத் திருப்பிப் பார்த்தாயாம். அவளுக்குத் தெரிந்தும் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனாயா? இந்தக் கேள்விக்கு நீ மட்டும்தான் பதில் சொல்ல முடியும். சொல்ல மாட்டாய்.

அவளிடம் சொல்ல நான்தான் போனேன். வேறு யார் இருந்தார்கள்? ஆஸ்பத்திரி வரவேற்பில் காத்திருந்தபோது கையில் உன் பொட்டலமும் இருந்தது. ஏன் எடுத்துப்போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் வெள்ளை உடையோடு வேகமாக வந்தாள், பொட்டலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அண்ணனா? அவரு குடுத்துவிட்டாரா?"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். பிறகு சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவளுடைய சிநேகிதிகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டது மட்டும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

"காலத்த பத்து மணிக்கா? எனக்கு ஏன் ஒருத்தரும் போன் பண்ணல்ல அண்ணா? எனக்க நம்பரு ஆபீஸ்ல உண்டே. அவரு எழுதிக் குடுத்தாரே."

"நினைவே இல்லம்மா அவனுக்கு. விழுந்ததுல இருந்து மயக்கந்தான். எல்லாரும் பதறிட்டாங்க" என்றேன். அந்த நிமிடத்தில் அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். நான் காப்பாற்றியது என்னை.

குவைத் திரும்பிய அன்று, உட்கார்ந்த கையோடு 'ஒற்றை'யை எடுத்துவிட்டு 'பல' என்று போட்டேன். திரையில் இன்னும் இரண்டு இடத்தில் தட்ட வேண்டியிருந்தது. ஆபீஸ் பையன் வைத்துவிட்டுப் போன டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உன் பெயரை அடித்துப் பார்த்தேன். மூன்று எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக வந்து நின்றன. எழுந்துபோய்க் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதிலிருந்து எந்தத் திரையைத் திறந்தாலும், எண் ஒன்று மட்டும் நின்றால் மீதி எங்கே என்று தேடுகிறேன். அதன் பின்னால் யாரோ நிற்கிறார்கள், கதவு திறக்கப்படாமல் நிற்கிறார்கள் என்று தோன்றுகிறது. அஸர் பாங்கு கேட்கும்போது கை தானாகப் போய்ச் செல்போனை எடுத்துப் பார்க்கிறது. சில நாள், பக்கத்து மேசையிலிருந்து "சொல்லியாச்சா மக்கா?" என்று உன் குரல் கேட்கும். அந்த மேசையில் இப்போது பாலக்காட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் நான் "இல்லைப்பா" என்று வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உன் மனைவி ஊரோடு போய்விட்டாள். உன் நினைவுக்குக் கோயிலில் வருஷத் திருப்பலி வைக்கும் நாளில் தவறாமல் கூப்பிடுகிறாள். பிள்ளைகள் படிப்பு, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி அதற்கு வருவாள். இந்த வருடமும் வந்தாள். "அண்ணா, மயக்கத்துலயாவது எனக்க பேரச் சொன்னாராமா? யாராவது கேட்டிருப்பினுமா?" நான் வழக்கம்போல, தெரியலம்மா என்றேன்.

எனக்குத் தெரியும். நீ கேட்டாய், பல தடவை கேட்டாய். கடைசிவரை அவளைத்தான் கேட்டாய். இதைச் சொன்னால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்பதும் தெரியும். அப்படியானால் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு என் பெயரைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். என் தப்பை மூடிவைக்க, அவளுக்குச் சேர வேண்டிய உன் வார்த்தையையும் சேர்த்து மூடி வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக நான் சுமப்பது உன் சாவை அல்ல, இதைத்தான். கழுதைகூட சுமந்ததை இறக்கிவைக்கும்.

இந்தத் தாளைப் பார்த்த வேகத்தில், இன்று மத்தியானம் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். வராந்தாவுக்குப் போய் அவள் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணா."

கையிலிருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

அங்கே மழையா என்று கேட்டேன்.