அழித்த தாளில் நாலு மணி

என்னங்க,

ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரில் வேலைக்கு நிற்க வேண்டும், அதனால் உங்களை எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

நம் வெளிநாட்டுப் பயணத் தாளைப் பார்த்தேன். ரயில்களுக்கு நேரம் குறிக்கிற ஆபீஸ் புத்தியில் ஒன்பது நாளையும் கால் மணி, கால் மணியாகக் கூறு போட்டிருந்தீர்கள். "இது டூரா, டூட்டியா?" என்று நேற்று நான் கத்தியது கொஞ்சம் அதிகம்தான். இன்று பார்த்தால் எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிட்டு, மூன்று ஊர்ப் பெயர்களை மட்டும் விட்டு வைத்திருக்கிறீர்கள். அப்பாடா என்றிருந்தது. பாஷை தெரியாத ஊரில் தொலைந்தாலும் சேர்ந்துதானே தொலைவோம்.

முதல் ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டுவிடுங்கள். தெருவில் படுக்கிற அளவுக்கு எனக்குச் சுதந்திரம் வேண்டாம்.

சாவி செருப்பு அலமாரி மேல்.

பி.கு. கிளம்பும்போது தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்பது நாளும் நாலு மணிக்கு, 'அவள் கால் நீட்டி உட்கார' என்று எழுதி அழித்த தடம் தெரிகிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவளுக்கு அது நேற்றே கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதை மட்டும் திரும்ப எழுதிவிடுங்கள். பேனாவில்.