சுத்தமான பலகையைத் துடைப்பவர்

ஜூன் 16, திங்கள்

விடியவே தூறல். மலை தெரியவில்லை. குடையில் ஒரு கம்பி உடைந்திருக்கிறது.

இந்தக் கிழமைக்கு:

1. டொக்டர் மகேஸ்வரியின் வகுப்பை இருமுறை பார்ப்பது. இன்று, வியாழன்.
2. குறைகளை மனம் நோகாமல் அவரிடம் சொல்வது.
3. அறிக்கையை முன்கூட்டியே அனுப்புவது.
4. வெள்ளி, குழுக்கூட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. இந்த வயதில் இனி மாறாது. எழுத்துப் போதும்.
5. குடை.

ஓய்வுபெற்றும் மருத்துவ பீடம் விடுவதாக இல்லை. விரிவுரையாளர்கள் படிப்பிப்பதைப் பின்வரிசையில் இருந்து பார்த்து எழுதித்தர வேண்டுமாம். நான் யார் மதிப்பிட? என் விரிவுரைகளில் பாதிப்பேர் தூங்கினார்கள். மீதிப்பேர் மரியாதைக்கு விழித்திருந்தார்கள்.

மகேஸ்வரி (இனி ம.) படிப்பிப்பது உடற்றொழிலியல். வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தகுதிகாண் காலம் முடிகிறது. வெள்ளிக்கிழமை நியமனத்தை உறுதிப்படுத்துவார்கள், அல்லது இன்னொரு வருடம் இழுத்தடிப்பார்கள்.

வகுப்பு நல்ல வகுப்பு. முதல் வருடப் பிள்ளைகள். கேள்வி: படுத்திருந்தவர் சட்டென்று எழும்பினால் ஏன் தலை சுற்றுகிறது? ஆங்கிலத்தில் கேட்டார். கேட்டதும் திரும்பிக்கொண்டார். பலகையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை! சுத்தமான பலகையை, மூலை மூலையாக, வெகுநேரம். பின்னால் ஒரே சலசலப்பு, சிங்களத்திலும் தமிழிலும். எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு பிள்ளை, அலவத்துகொடை ஊராம், பக்கத்தில் இருந்தவனிடம்: "எங்கட உம்மாக்கும் இப்பிடித்தான். நோன்பு நேரம் தொழுதுட்டு எழும்பக்குள்ள தல சுத்துற."

அவன்: "ரத்தம் எல்லாம் காலுக்குப் போயிருதுல்ல. அத இங்கிலீஷ்ல எப்புடி சொல்றது?"

குறித்துக்கொண்டேன்: "கேள்வி கேட்டபின் வகுப்புக்கு முதுகு காட்டுகிறார். பதற்றம். மாணவர்கள் வீட்டுக்கதை பேசுகிறார்கள்."

பாவம். இள வயதில் நானும் பலகைக்குள் முகத்தை ஒளித்தவன்தான். அந்த முதுகைப் பார்க்க என் முதுகு மாதிரியே இருந்தது.

பின்னேரம் மனைவி சரோ அடுப்பைப் பார்த்தபடி: "என்னப்பா, வெள்ளிக்கிழமையை நினைக்கப் பயமாய்க் கிடக்கோ?"

"ஓம். கொஞ்சம்."

"கொஞ்சமோ?"

"இல்லை. கனக்க."

ஜூன் 17, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

ம.வின் அறை. சின்ன அறை, இரண்டு கதிரை, சுவரில் இதயத்தின் படம். இஞ்சித் தேநீர் தந்தார். நேரே எதிரில் இருந்து, பேனையோடு, முதலில் நல்லதைச் சொல்லி (முறை அதுதானே), பிறகு முதுகு விஷயம். "பிள்ளைகளின்ட கண்ணைப் பாருங்கோ. பயப்படாதேங்கோ. நானும் அப்பிடித்தான் இருந்தனான்."

"அது வந்து, சார்..." என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன், ஊக்கப்படுத்த.

"சரிங்க சார்," என்றார். "வியாழக்கிழம மாத்திக்கிறேன்."

நன்றாகச் சொன்னேன் என்று ஒரு திருப்தி. எப்போதாவதுதான் வரும். வந்த சூட்டோடு அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

இரவுக்குப் புட்டு. ஒரு தலைமுறையாக அம்பிட்டியவில் குடியிருந்தும் சரோவுக்கு ஊர்ப் புட்டுத்தான்.

ஜூன் 18, புதன்

குடை திருத்த நகரத்துக்கு. வாவியைச் சுற்றி ஒரே வாகன நெரிசல். திருத்துபவர் கடை பூட்டு.

மத்தியானம் ஜயந்த தொலைபேசியில். குழுத் தலைவர், என்னிடம் படித்தவர், இப்போது பேராசிரியர். அறிக்கை கிடைத்ததாம். "முதுகு காட்டும் விஷயம் பாரதூரம், சேர். வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவரை உறுதிப்படுத்துவது எப்படி? இன்னொரு வருடம் பார்ப்போம்."

நான் எழுதியது திருத்திக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சரி, நாளை ம. நன்றாகச் செய்வார். அதைச் சேர்த்து எழுதினால் போச்சு. கத்தரிக்காய் வாங்க மறந்தது.

ஜூன் 19, வியாழன்

மழை, கடும் மழை.

எப்படி எழுதுவது. ம. நான் சொன்னபடியே செய்தார். கேள்வி கேட்டார், திரும்பவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், புன்னகையோடு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேசையைப் பார்த்தார்கள். செருப்பைப் பார்த்தார்கள். அலவத்துகொடைப் பிள்ளை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தது. இன்னொரு கேள்வி. அதற்கும் அப்படியே. கடைசியில் ம. தானே கேட்டு, தானே பதில் சொல்லி, வகுப்பை முடித்தார். இடையில் ஒருமுறை அவர் கை பலகைத் துடைப்பானைத் தொட்டது. என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

நானும் செருப்பைத்தான் பார்த்தேன்.

பஸ் தரிப்பிடம் வரை ஒரே குடையில் போனோம், அவருடைய குடை. இருவரும் ரோட்டைப் பார்த்தபடி. அப்போதுதான் கேட்கத் துணிவு வந்தது: "திங்கட்கிழமை ஏன் திரும்பினனீங்கள்? பயத்திலயோ?"

"பயம் எனக்கில்ல சார். அவுங்களுக்கு." தேங்கிய தண்ணீரைத் தாண்டினார். "நான் மொத வருசம் படிக்கிறப்ப, கேள்வி கேட்டுட்டு மூஞ்சியவே பாப்பாங்க. பதில் தமிழ்ல நெஞ்சு வரைக்கும் இருக்கும். பாக்கப் பாக்க இங்கிலீஷ் ஓடிப்போயிரும். அதான் இப்ப நான் திரும்பிக்குவேன். அவுங்க பாட்டுக்கு அவுங்க பாசையில பேசிக்குவாங்க. நான் காத மட்டும் அங்க வச்சுக்குவேன். பதில் கெடைச்சிருச்சுன்னா சத்தம் தானா அடங்கும் சார். அப்பத் திரும்பினா கை தூக்குவாங்க."

ஆம். திங்கட்கிழமை சலசலப்பு அடங்கியதும் அந்த அலவத்துகொடைப் பிள்ளைதான் கை தூக்கியது. இரத்தம் காலுக்கு இறங்குவதை அழகாக, ஆங்கிலத்தில் சொன்னது. நான் அப்போது "வீட்டுக்கதை" என்று எழுதிக்கொண்டிருந்தேன். உம்மாவின் தலைச்சுற்றுத்தான் பதில்.

"ஏன் செவ்வாய்க்கிழமை எனக்குச் சொல்லேல்லை?"

சிரித்தார். "நீங்களும் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீங்களே சார்."

பஸ் வந்தது. குடையை என்னிடம் தந்துவிட்டு ஏறிவிட்டார். "எனக்கு எறங்குனா வீடு கிட்டத்தான், வச்சுக்குங்க சார்!"

வீட்டில் சரோ தேங்காய் துருவியபடி, திரும்பாமல்: "ஏதோ பிழைச்சுப் போச்சு, என்னப்பா?" எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பட்டது: இவளும் பாரதூரமான கேள்வி எதையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. கலியாணம் முடித்த காலம் தொட்டு. நான் இவளைக் கவனமில்லாதவள் என்று நினைத்ததும் உண்டு.

"அப்ப நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"திருத்தின அறிக்கை ஒண்டு அனுப்பினால் காணாதோ?"

துருவும் சத்தம் நின்றது. பிறகு துருவத் தொடங்கினாள்.

ஜூன் 20, வெள்ளி

காலை மழை, பிறகு விட்டுவிட்டது. வெள்ளைச் சட்டை. ம.வின் குடை.

கூட்டம். ஜயந்தவோடு இன்னும் மூன்று பேர். வடை, தேநீர். இரவே எழுதிய திருத்திய அறிக்கை பையில். ம.வின் பெயர் வந்ததும் ஜயந்த, "இன்னொரு வருடம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்றார். தாளை எடுத்தேன். "வாசித்துப் பார்க்க நேரமில்லை, சேர், நீங்களே சொல்லுங்கள்." நாலு முகமும் என் பக்கம். அன்பான முகங்கள்தான். அதனால் என்ன? சொல்ல வேண்டியது நெஞ்சு வரைக்கும் இருந்தது.

எழுந்தேன். யன்னலுக்குப் போனேன், சாரல் அடிக்கிறது என்று முணுமுணுத்தபடி. கொக்கியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே மாமரம், ஈரக் கூரை, கீழே மூன்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போகிறார்கள். மாமரத்திடம் சொன்னேன். அவர் திரும்புவது பதற்றத்தால் அல்ல. பிழை பார்த்தது நான். வியாழக்கிழமை வகுப்பைக் கெடுத்ததும் அவரல்ல, என் ஆலோசனை. முணுமுணுப்பைக் காதால் கேட்டு அளக்கத் தெரிந்த விரிவுரையாளரை என் காலம் முழுக்க நான் கண்டதில்லை. எங்களுக்கு யாராவது அப்படி முதுகு காட்டியிருந்தால் நானும் கொஞ்சம் பேசப் பழகியிருப்பேன். இன்னும் என்னென்னவோ. குரல் நடுங்கியது, நிற்கவில்லை.

சொல்லி முடித்தேன். திரும்பினேன்.

ஜயந்த: "சேர், மழை விட்டு எவ்வளவோ நேரம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு மெதுவாக, "அடுத்த வகுப்புக்கு நானும் வந்து பார்க்கலாமா? பின்வரிசையில்," என்றார். உறுதிப்படுத்தப் பரிந்துரை. ஒருமனதாக.

ம.வுக்குத் தகவல் அவர்கள் சொல்லட்டும். குடையை மட்டும் நான் கொடுப்பேன்.

சரோ அடுப்பைப் பார்த்தபடி, "என்னப்பா?" "பேசினனான்," என்றேன். அவள் என் பக்கம் திரும்பிவிட்டாள், கையில் அகப்பையோடு.

திங்கட்கிழமைப் பட்டியலில் நாலாவது, எனக்குப் பேச்சு வராது, இந்த வயதில் இனி மாறாது என்று எழுதியது. பிழை.